இரண்டு வண்டிக்கும் நடுவே

நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் பாதுகாப்பு மேலாளர் கானர் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டி நிறுத்தினான். ஓஹையோவிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்த பையன். சனிக்கிழமை மான் வேட்டை சீசன் திறக்கிறது என்பதையும், அந்த வாரம் முழுக்க இந்த ஊரில் எவனுக்கும் வேறு எதிலும் புத்தி நிற்காது என்பதையும் யாரோ அவன் காதில் போட்டிருக்க வேண்டும்.

"சட்டம் என்னன்னு ஒரே தடவை சொல்லிடறேன்," என்றான். "உங்க வண்டியில துப்பாக்கி இருக்கா இல்லையான்னு நான் சோதனை போட முடியாது. போடவும் மாட்டேன். உள்ளயே வச்சுப் பூட்டிக்கோங்க, வெளிய தெரியாம இருந்தா எனக்கு நல்லது. அதுக்காக உங்களை வேலையை விட்டு எடுத்தா நீங்க கம்பெனி மேல கேஸ் போடலாம். கென்டக்கில அப்படி. ஆனா அதெல்லாம் வண்டிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான். கையில எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கினா அது கம்பெனி இடம். அன்னிக்கே வேலை போயிடும். யாரா இருந்தாலும், எத்தனை வருஷம் இருந்தாலும்."

"தம்பி, ஒரு சந்தேகம்," என்று ரூஃபஸ் கையைத் தூக்கினான். "கக்கூஸ் போறப்ப மட்டும் எடுத்துட்டுப் போலாமா? அங்க நாறுறதைப் பாத்தா உள்ள ஏதோ செத்த கரடி கிடக்கு. பாதி உசுரோட இருந்துட்டா?"

அறை முழுக்கச் சிரித்தது. கானரும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஓபல் காம்ஸ் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடமாக இதே ஆலையில், சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு உப்புத்தாள் போடும் வரிசையில் வேலை. எல்லோரும் சிரித்ததால் அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பதற்குக்கூட இப்போதெல்லாம் தெம்பு தேவைப்பட்டது. வெளியே நிற்கும் அவளுடைய காரின் டிக்கியில் மூன்று வாரமாக ஒரு மான் துப்பாக்கி கிடந்தது. அது அவளுடையது அல்ல. நாலு ஆள் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் எஸ்டில் ராட்லிஃபுடையது. எஸ்டில் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

அது அவளிடம் வந்த கதை சின்னதுதான். எஸ்டிலின் மனைவி நெல்டா ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், ஓபலின் வீட்டு வாசலில் எஸ்டிலின் பிக்கப் வண்டி வந்து நின்றது. சவரம் செய்யாத முகத்தோடு இறங்கினான். நெல்டா தைத்த ஒட்டுத்துணிப் போர்வையில் எதையோ நீளமாகச் சுற்றி, தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தான்.

"இதைக் கொஞ்ச நாள் வச்சிரு, ஓபல்."

"சரி. உள்ள வா, காபி இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. இந்த மலைப்பக்கத்தில் இந்தக் காரியத்துக்கு ஒரு பெயர் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவன் தன் துப்பாக்கியை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாள் வைத்திரு என்றால், ஏன் என்று கேட்கக் கூடாது. வெளியே மூச்சு விடக் கூடாது. அவன் திருப்பிக் கேட்கிற நாளில் கொடுத்துவிட வேண்டும், இப்போது தேவலையா என்றுகூட விசாரிக்கக் கூடாது. டாக்டரிடம் போ என்றால் அடிக்க வருகிற ஆண்பிள்ளைகள்கூட இதை மட்டும் தாங்களாகவே செய்வார்கள். தன் வீட்டில் தானும் துப்பாக்கியும் தனியாக இருக்க வேண்டாம் என்று அவர்களுக்கே தெரிகிற ஒரு நாள் வரும். எந்தச் சட்டசபையும் எழுதாத இந்தச் சட்டத்தை இங்கே யாரும் மீறியதில்லை. ஓபல் மீறினாள்.

அக்டோபரில் எஸ்டில் தேறிவிட்டான். கன்னத்தில் சதை வந்தது. சர்ச்சில் மறுபடியும் பாட ஆரம்பித்தான், அதுவும் பழையபடி சுருதி சேராமல். ஒரு நாள் மதியம், வறுத்த இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "ஓபல், அதை எடுத்துக்கலாம்னு பாக்கறேன்," என்றான்.

"தாராளமா. நாளைக்கே கொண்டு வரேன்," என்றாள். மனசார சொன்னதுதான். எட்டு மாதமாகக் குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்ததை எடுத்துப் போர்வையோடு டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்றைக்கு எஸ்டில் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டான். துப்பாக்கி அவளோடேயே வீடு திரும்பியது. பதினெட்டு மைல்.

நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. அன்றைக்கு ஆற்றுப் பாலத்தின் மேல் வரும்போது, டிக்கியில் இருப்பதைப் பற்றி ஓபலுக்கு ஒரு யோசனை வந்தது. பயங்கரமான யோசனையாகக்கூட வரவில்லை. ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தவளுக்கு யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி வந்தது. அதிலிருந்து அந்தத் துப்பாக்கி டிக்கியிலேயே இருந்தது. எஸ்டிலிடம் முதல் நாள் மறந்துவிட்டேன் என்றாள். மறுநாள் அவசரம் என்றாள். அவன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றபோது, வெர்னன் இப்போதுதான் தூங்குகிறான், வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவான் என்றாள்.

வெர்னன் அவள் புருஷன். இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்து, நிலக்கரித் தூசியை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு வந்தவன். முன்னறையில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருப்பான். ஆக்சிஜன் மெஷின் ராத்திரியும் பகலும் இரைந்துகொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் என்ன ஆவது என்று, அது இரையும்போதும் அவளால் தூங்க முடிவதில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து அவனைத் துடைத்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி, ஐந்தே காலுக்குக் கிளம்பி, எட்டு மணி நேரம் கதவு தேய்த்து, மூன்று மணிக்குத் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து. ஆறு வருடம். வெர்னன் சிடுசிடுப்பவனாக இருந்திருந்தால் கோபப்பட்டாவது அவள் ஆறியிருப்பாள். அவனோ நல்லவன். "உன்னைப் போட்டு வதைக்கறேன் ஓபல்," என்று தினமும் மன்னிப்புக் கேட்பான். அந்த மன்னிப்புக்குப் பதில் சொல்வது இன்னொரு வேலை.

மகள் டெக்ஸஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "எப்படிம்மா இருக்கே?" "நல்லா இருக்கேன்." வேறு என்ன சொல்வது? அசதியாக இருக்கிறது என்றால், ரெஸ்ட் எடு என்பார்கள்.

இதில் ஓபலுக்கு உறுத்தியது ஒன்றுதான். அவள் துப்பாக்கியைக் கொடுக்காததற்கு எஸ்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டான். திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்து வரிசைக்குப் போகும்போது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உனக்கு என்மேல நம்பிக்கை வரலியா?"

"அதெல்லாம் இல்ல."

"பிப்ரவரில இருந்த ஆள் இல்ல நான். சாப்பிடறேன், தூங்கறேன். போன வாரம் கூரைகூட ரிப்பேர் பண்ணினேன். செத்துப் போறவன் கூரையை ரிப்பேர் பண்ணுவானா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே, எஸ்டில்."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவன் முகம் கறுத்துவிட்டது. "கேட்டா குடுக்கணும். அதானே வழக்கம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். நல்லபடியாகத் தேறி வந்த மனுஷனை நோயாளியாக்கிவிட்டு, அந்த முதுகுக்குப் பின்னால் தான் ஒளிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படவும் பலம் வேண்டும், கதவுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை சாப்பாட்டு அறையில் ரூஃபஸ் வழக்கம்போல வாயைத் திறந்தான். "என்ன எஸ்டில், இந்த வருஷம் எதை வச்சு வேட்டை? உன் வண்டியில கோட்டு கிடக்கு, தெர்மாஸ் கிடக்கு, துப்பாக்கியைக் காணோம். மானைக் கூப்பிட்டு வச்சுப் பாட்டுப் பாடப் போறியா? அதுவே போதும், செத்துரும்."

மேஜையே குலுங்கியது. எஸ்டில் மட்டும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, "யார்கிட்டயாவது வாங்கிக்கறேன்," என்றான். அப்போது அங்கே இரண்டு மூன்று பேர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்ததை ஓபல் கவனித்தாள். நெல்டா இறந்த வருடம், துப்பாக்கி வீட்டில் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்க்க இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவம் எஸ்டில். வாயைத் திறந்து, அது ஓபல்கிட்ட இருக்கு, கேட்டா தரமாட்டேங்கறா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். கதவு கட்டி வரும் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி எஸ்டிலிடம் நீட்டினாள். மெஷின் நின்றால் சிலிண்டருக்கு எப்படி மாற்றுவது, குழாயை எப்போது கழுவுவது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்கு போன் பண்ண வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

"எனக்கு எதுக்கு இது?"

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கோ. எனக்கு எப்பவாவது ஒரு வேலை வந்துட்டா."

"உனக்கு என்ன புதுசா வேலை வரப்போகுது? ஆலையை விட்டா வீடு, வீட்டை விட்டா ஆலை."

"வச்சுக்கோயேன்."

அவன் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சிரித்துக்கொண்டேதான் வைத்தான். ஆனால் அன்று மதியம் இரண்டு தடவை அவன் அந்த அட்டையை எடுத்துப் படித்ததை அவள் பார்த்தாள். படிக்கத் தெரியாதவன் போல ரொம்ப நேரம் படித்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குச் சங்கு ஊதியதும் பார்க்கிங் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஆலையிலிருந்து ஓடி வந்தவர்கள் வண்டிக்குள் நெளிந்து ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையை மாட்டினார்கள். சிலர் நேராகவே காட்டுக் கூடாரத்துக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு வண்டியிலும் கோட்டுக்கு அடியிலும் போர்வைக்கு அடியிலும் ஒன்று இருந்தது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கானர் கட்டடத்தின் மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் எதையும் வெளியே எடுக்கவில்லை.

ஓபல் காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் சும்மா இருந்தாள். இந்த மூன்று வாரமாக அப்படித்தான். எல்லோரும் போன பிறகு அரை மணி நேரம் ஸ்டீயரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவளுக்கென்று இருந்த நேரம் அதுதான். இன்று இந்தக் கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அந்தக் கதவுகளின் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். நினைப்பு வரவில்லை. சனிக்கிழமைக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

"ஓபல்!" ரூஃபஸ் மூன்று வண்டி தள்ளி நின்று கத்தினான். "சட்டிக்கு ரொம்ப தேங்க்ஸ்! எம் மருமக தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறா. எம் பொண்டாட்டிக்கு ஒரே வயித்தெரிச்சல், எனக்கு ஏன் குடுக்கலன்னு."

அவள் கையை ஆட்டினாள். ரூஃபஸின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த எஸ்டில் திரும்பி, "எந்தச் சட்டி?" என்று கேட்டது அவளுக்குக் கேட்டது.

"அதான்யா, சோள ரொட்டி சுடுவாளே, அந்த இரும்புச் சட்டி. அவ ஆத்தா காலத்துது."

இந்தப் பக்கத்துப் பெண்கள் நகையைக் கொடுப்பார்கள், பணத்தைக் கொடுப்பார்கள், கேட்டால் படுக்கையைக்கூடக் கொடுப்பார்கள். ஆகி வந்த இரும்புச் சட்டியை உயிரோடு இருக்கிற யாரும் கொடுத்ததில்லை. அது செத்த பிறகு மகள்கள் அடித்துக்கொள்வதற்கென்றே இருக்கிற பொருள். ரூஃபஸுக்கு அது உறைக்கவில்லை, அவனுக்குச் சட்டியில் வெந்த ரொட்டிதான் தெரியும். எஸ்டிலுக்கு உறைத்தது. அவன் அந்த அட்டை இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்ததையும், அவள் காரை நோக்கி நடந்து வந்ததையும் ஓபல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாவியைப் போட்டுக் கிளம்பியிருக்கலாம். கை எழவில்லை.

அவன் ஜன்னலில் குனிந்தான். "டிக்கியைத் திற."

"இங்கே வேண்டாம். அந்தப் பையன் மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

"பாக்கட்டும். திற."

"உனக்கு இன்னும் அஞ்சு மாசத்துல முப்பது வருஷம் முடியுது. பென்ஷன் போயிடும், பைத்தியக்காரா. சாயந்திரம் வீட்டுக்கு வா, தரேன்."

"வீடு பதினெட்டு மைல்," என்றான் எஸ்டில். "நடுவுல பாலம் இருக்கு. அதைத் தாண்டினதும் அந்த மூடிப்போன பெட்ரோல் பங்க், அதுக்குப் பின்னாடி ஆளே வராத இடம். அந்த வழியெல்லாம் பிப்ரவரில நான் ஓட்டிப் பாத்திருக்கேன் ஓபல். எனக்கு நீ சொல்ல வேண்டாம்."

"நீ தப்பா நினைச்சுக்கிட்டே."

"சரி, தப்பாவே இருக்கட்டும். சட்டியை ஏன் குடுத்தே?"

அவள் மேல்மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் கேட்டுட்டேன்," என்றான். "கேட்டா குடுக்கணும்."

அவள் காலடியில் இருந்த விசையை இழுத்தாள். பின்னால் டிக்கி திறந்துகொண்டது. எஸ்டில் போர்வையோடு அதை எடுத்தான். ஒட்டுத்துணியின் ஒரு முனை நழுவி, இரும்புக் குழாய் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அவன் அதை மறைக்கக்கூட முயலவில்லை. அவள் காருக்கும் அவன் வண்டிக்கும் நடுவே இருபது எட்டு இருக்கும். ஓடாமல், பதுங்காமல், பார்க்கிங்கின் தார்த்தரை நடுவே நடந்து போனான். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு வண்டியாக அடங்கியது. "எஸ்டில், ஏய், கிறுக்கா," என்று ரூஃபஸ் சொன்னான், கேலி இல்லாத குரலில். எஸ்டில் தன் பிக்கப்பின் கதவைத் திறந்து, துப்பாக்கியை இருக்கைக்குப் பின்னால் வைத்து, பூட்டினான். பிறகு திரும்பி நடந்து வந்து ஓபலின் காரில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

யோசித்திருந்தால் அவளை இறங்கச் சொல்லிவிட்டு அவள் காரையே அவன் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். துப்பாக்கி வண்டியை விட்டு இறங்கியிருக்காது, ஒரு பயலும் கேட்க முடியாது. இதெல்லாம் மறுநாள் தோன்றுகிற புத்தி. அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, அது அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டான்.

"மூணு வாரம்."

"தூங்கறியா?"

"இல்ல."

இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கானர் கட்டடத்திலிருந்து வெளியே வந்து, காவலாளியைக் கூட்டிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே அவர்களைத் தேடி வந்தான்.

மேல்மாடி அறையில் மூன்று நாற்காலி. ஓபல் வீட்டுக்கு போன் பண்ணி, வர நேரமாகும் என்று வெர்னனிடம் சொன்னாள். பரவாயில்லை, மெதுவா வா, உன்னைப் போட்டு வதைக்கறேன் என்றான் வெர்னன்.

கானர் கெட்டவன் இல்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். தலைமை அலுவலகத்துக்கு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது, கேமராவில் எல்லாம் இருக்கிறது.

"மிஸஸ் காம்ஸ், உங்க மேல எதுவும் இல்ல. நீங்க வண்டியை விட்டு இறங்கவே இல்ல, டிக்கியைத் திறந்தது தப்பு கிடையாது. சாட்சிக்காகத்தான் கூப்பிட்டேன்." பிறகு எஸ்டிலிடம் திரும்பினான். "மிஸ்டர் ராட்லிஃப், திங்கட்கிழமைதானே சொன்னேன்? முழுசா அஞ்சு நாள்கூட ஆகலை. ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"நாளைக்கு சீசன் தம்பி. துப்பாக்கி இல்லாம எப்படிப் போறது?"

"அவ்வளவுதானா?"

"மான் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

ஓபல் அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வேட்டைக் கிறுக்குப் பிடித்த முட்டாள் கிழவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இனி யார் என்ன கேட்டாலும் இதைத்தான் சொல்வான், முப்பது வருடப் பென்ஷன் போனாலும் இதைத்தான் சொல்வான் என்று அவளுக்குப் புரிந்தது. ஒருத்தர் வைத்திரு என்று கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது. அவள் அவனிடம் கொடுத்தது துப்பாக்கியை மட்டும் அல்ல.

கானர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "கம்பெனி வக்கீல் இதைப் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கார். சட்டத்துல வண்டியை விட்டு வெளிய எடுக்கறதுக்கும் சில விலக்கு இருக்கு. அதுல ஏதாவது பொருந்துச்சுன்னா நான் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. அதனால யோசிச்சுப் பதில் சொல்லுங்க. இடத்துக்குச் சொந்தக்காரங்க அனுமதி குடுத்தாங்களா?"

"இல்ல."

"உங்க உயிருக்கோ பொருளுக்கோ ஆபத்து இருந்து, அதைக் காப்பாத்திக்க எடுத்தீங்களா?"

"இல்ல."

"இன்னொருத்தர் உயிரைக் காப்பாத்தறதுக்காக எடுத்தீங்களா?"

எஸ்டில் கொஞ்சமும் தயங்கவில்லை. "இல்ல."

கானர் பெருமூச்சு விட்டு, தாளைத் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்து நகர்த்தினான். "அப்ப இங்கே கையெழுத்துப் போடுங்க."

எஸ்டில் பேனாவை எடுத்தான். ஓபலுக்கு ஒரே அசதியாக இருந்தது. இவ்வளவு அசதி தன் வாழ்நாளில் வந்ததில்லை என்று தோன்றியது. பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். அவள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். பேசினால் கானர் யாருக்கோ போன் பண்ணுவான், யாரோ வருவார்கள், கேள்வி கேட்பார்கள். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். ரூஃபஸின் மருமகள் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நின்று அழுவாள். மகள் டெக்ஸஸிலிருந்து கிளம்பி வருவாள். எல்லாவற்றுக்கும் மேலே, முன்னறையில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருப்பவனிடம் அவளே போய்ச் சொல்ல வேண்டும். அத்தனை வேலைக்கும் அவள் இருக்க வேண்டும். நாளைக்கும், திங்கட்கிழமையும், அதற்குப் பிறகும்.

எஸ்டில் பெயரில் பாதியை எழுதிவிட்டான்.

"ஆமா," என்றாள் ஓபல்.

கானர் நிமிர்ந்தான். "என்ன சொன்னீங்க?"

"கடைசியாக் கேட்டீங்களே தம்பி. இன்னொருத்தர் உயிரைக் காப்பாத்த எடுத்தீங்களான்னு. அதுக்கு ஆமா."

"ஓபல், சும்மா இரு," என்றான் எஸ்டில்.

"நீ சும்மா இரு."

கானர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அங்கே ஆபத்தா எதுவும் நடக்கலையே. கேமராவுல பார்த்தேனே. யாரும் யாரையும் மிரட்டலை. யார் உயிரு?"

"என்னோடது."

"உங்களை யார் என்ன பண்ண வந்தாங்க?"

அவள் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். உப்புத்தாள் தேய்த்து ரேகை அழிந்துபோன கைகள்.

"நான்தான்," என்றாள்.

எஸ்டில் பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். கானருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும், என்ன செய்வது என்று தெரியாமல் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எழுதுங்க தம்பி," என்றாள் ஓபல். "நீங்க எழுதினாத்தான் அவனுக்கு வேலை மிஞ்சும்."